நீரிழிவும் கொழுப்பும்

‘நீரிழிவு’ என்னும் சொல்லைக் கேட்ட அளவில், அதன்கண் உள்ள ‘இழிவு’ தாழ்வினைக் குறிப்பது போலும் என்று மாணவர் சிலர் மயங்குவதுண்டு. அஃது அப்பொருளில் வந்ததன்று. இழிதல் என்பது இறங்குதல், வழிந்தொழுகுதல் எனப் பொருள்படும். மலையினின்று அருவி இழிகின்றது என்றும், தேரினின்று அரசன் இழிந்தான் என்றும் கூறுதல் பழைய வழக்கு. ஆகவே, உடம்பின் நீர் அளவின்றி இறங்கி ஒழியும் நோய் நீரிழிவு எனப்பட்டது. கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட ‘டயாபிடீஸ்’ என்னும் பெயரும் ‘ஊடே பாய்ந்து செல்வது’ என்னும் பொருளையே உடையது. இரு நாட்டார் ஒன்றையே கண்டு ஒரே வகையாகப் பெயரிட்டமை வியக்கத்தக்கது. வடமொழி மருத்துவ நூலார் நீரின் அளவை நோக்காது அதன் சுவையை நோக்கி, ‘மதுமேகம்’ என்றனர். நோயாளியின் சிறுநீரை எறும்புகள் நாடி மொய்ப்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். இக்காலத்தில் நம் ஊர்களில் எல்லோர் வாயிலும் வழங்கும் பெயர் ‘சர்க்கரை நோய்’ என்பது.

இப்பெயர்களை ஒருங்கே வைத்துப் பாருங்கள். ஒன்று நீரைச் சொல்லுகின்றது. ஒன்று இனிப்பைச் சொல்லுகின்றது. கொழுப்பைச் சொல்லும் பெயர் ஒன்றேனும் இல்லை. பெயர் எவ்வழி, எண்ணமும் அவ்வழியே செல்லும். சர்க்கரை நோய் உற்றவர் சர்க்கரையை அடக்கினாற் போதும், நோய் அடங்கிற்று என்று நம்புகின்றனர். ஆனால், நடு வயதிலும் அதன் பின்னும் இந்நோய் வாய்ப்பட்டோரின் உயிரைக் கவர்வதில் முதலிடம் பெறுவன மாரடைப்பும் பக்கவாதமும் போன்ற குருதிக் குழாய் நோய்களே. அவற்றிற்கு வழிகோலுவனவற்றுள் கொழுப்பு தலையாயது. பெயர் சொல்லாமல் விட்ட அப்பகுதியைப் பற்றியே இப்பாடம் பேசுகின்றது.

வயிற்றின் பின்புறத்தே கணையம் என்னும் உறுப்பு ஒன்று உளது. அது சுரக்கும் இன்சுலின் என்னும் நீர், உணவிலிருந்து குருதியிற் சேர்ந்த சர்க்கரையைத் தசை முதலியவற்றின் உயிரணுக்களுக்குள் புகச் செய்கின்றது. இது பலரும் அறிந்த செய்தி. அதே இன்சுலினுக்கு வேறொரு பணியும் உண்டு. அதனை அறிந்தோர் சிலர். உடம்பு தன் கொழுப்பைத் தோலின் கீழும் வயிற்றினுள்ளும் சேமித்து வைத்துள்ளது. அச்சேமிப்பறையின் கதவைக் காப்பதும் இன்சுலினே. உண்டபின் இன்சுலின் மிகும், கதவு மூடும். பசித்தபோது இன்சுலின் குறையும். கதவு திறந்து கொழுப்பு சிறிது சிறிதாக எரிபொருளாய் வெளிவரும். இதுவே இயற்கை.

நீரிழிவு உற்றவர் உடம்பில் இன்சுலின் போதாது. அல்லது இருந்தும் அதன் சொல் எடுபடுவதில்லை. காவலன் உறங்கிய பண்டசாலை போல, கதவு எப்பொழுதும் திறந்தே கிடக்கின்றது. கொழுப்பமிலங்கள் குருதியிற் பெருகிக் கல்லீரலை அடைகின்றன. வந்து குவிந்ததைக் கல்லீரல் என் செய்யும்? டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக மாற்றிப் பொதிகளாகக் கட்டி மீண்டும் குருதியிலேயே அனுப்புகின்றது. இதனால் நேர்வன மூன்று. டிரைகிளிசரைடு மிகுகின்றது. நன்மை செய்யும் கொழுப்புப் பொதிகள் குறைகின்றன. தீமை செய்யும் பொதிகளோ அளவிற் சிறுத்து, எண்ணிக்கையிற் பெருகிக் குருதிக் குழாயின் சுவருக்குள் எளிதில் நுழையும் தன்மை பெறுகின்றன.

பொதி என்று யாம் கூறியதனை விளக்குதல் வேண்டும். கொலஸ்டிரால் என்பது ஒரு வகைக் கொழுப்புப் பொருள். பித்தக் கற்களில் முதன்முதற் காணப்பட்டமையால், பிரெஞ்சு வேதியியலார் செவ்ரோல் என்பவர் 1815-ஆம் ஆண்டளவில், பித்தம், திண்மை என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டி அதற்குப் பெயரமைத்தார். அது நஞ்சன்று. உயிரணுக்களின் புறச்சுவருக்கும், செரிமானத்திற்கு வேண்டும் பித்த நீருக்கும், உடம்பு சுரக்கும் பல நீர்களுக்கும் அது மூலப்பொருள். அதில் பெரும்பகுதியை நம் உடம்பே ஆக்கிக் கொள்ளுகின்றது. உணவின் வழியே வருவது சிறு பகுதி. நெய்யையும் முட்டையையும் அறவே விட்டும் கொலஸ்டிரால் குறையவில்லையே என்று முதியோர் சிலர் நொந்து கொள்ளுவதன் காரணம் இதுவே.

எண்ணெய் நீரிற் கரையாதவாறு போலக் கொலஸ்டிராலும் குருதியிற் கரையாது. ஆகவே, புரதத்தாற் போர்த்த சிறு பொதிகளில் ஏறி அது பயணம் செய்கின்றது. கல்லீரலிலிருந்து உடம்பெங்கும் கொண்டு செல்லும் பொதி எல்.டி.எல். எனப்படும், மிஞ்சியதை மீட்டுக் கல்லீரலுக்குக் கொணரும் பொதி எச்.டி.எல். எனப்படும். முன்னது மிகுந்தால், குருதிக் குழாயின் உட்சுவரில் நுழைந்து தங்கும். தங்கியதை அகற்ற வந்த வெள்ளணுக்கள் அதனை உண்டு பருத்து அங்கேயே மடியும். இவ்வாறு ஆண்டுக்கணக்காகச் சுவரினுள் ஒரு கட்டி வளர்கின்றது. ஒரு நாள் அதன் மேல்மூடி கிழியுமாயின், அவ்விடத்துக் குருதி உறைந்து குழாய் அடைபடும். அடைபட்ட குழாய் நெஞ்சினதாயின் மாரடைப்பு, மூளையினதாயின் பக்கவாதம்.

இதில் அஞ்சத்தக்கது யாதெனின், அந்தக் கட்டி வளரும் இருபது முப்பது ஆண்டுகளில் அது ஒரு சொல்லும் சொல்லாமையே. சர்க்கரை மிகுந்தால் நாவறட்சி தோன்றும், இரவில் பல முறை எழ நேரும், உடல் மெலியும். கொழுப்பு மிகுந்தாலோ தலையும் வலிப்பதில்லை, காலும் வலிப்பதில்லை. நீண்ட நாள் நீரிழிவினால் நரம்பு நலிந்தவர்க்கு மாரடைப்புங்கூட நெஞ்சுவலி இன்றி, வெறும் வியர்வையும் களைப்புமாக வந்து போவதுண்டு.

இனி, சர்க்கரையை அடக்கும் வழி தோன்றிய வரலாற்றைச் சிறிது காண்போம். கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் 1921-ஆம் ஆண்டு கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தனர். காலிப் என்பார் அதனைத் தூய்மை செய்ய, 1922-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சாகுந்தறுவாயில் இருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அதனாற் பிழைத்தான். அவ்வாண்டின் இறுதியில் டென்மார்க்கு நாட்டினர் இருவர் டொராண்டோவுக்கு வந்தனர். ஒருவர் நோபெல் பரிசு பெற்ற உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக். மற்றவர் அவர் மனைவியார் மேரி குரோக். மேரி அம்மையார் தாமும் மருத்துவர். நடு வயதில் நீரிழிவு உற்றவர். டொராண்டோவிற்குச் சென்றே தீர வேண்டும் என்று கணவரைத் தூண்டியவர் அவரே. இன்சுலின் செய்யும் உரிமையைப் பெற்றுத் திரும்பிய அவர்கள், ஹாகடோர்ன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து, 1923-ஆம் ஆண்டிலேயே கோபன்ஹேகன் நகரில் அம்மருந்தை ஆக்கத் தொடங்கினர். அம்மையார் 1943-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். அந்நகரின் அருகே, ஹாகடோர்னின் முயற்சியால், ஸ்டீனோ என்னும் பழைய உடற்கூற்று அறிஞர் பெயரால் 1932-ஆம் ஆண்டு நீரிழிவு மருத்துவமனை ஒன்று எழுந்தது. அதன் பெயரை நினைவிற் கொள்ளுங்கள். மீண்டும் அங்கே செல்லுவோம்.

இன்சுலினும், பின்னர் வந்த மாத்திரைகளும் நோயாளிகளின் வாழ்நாளை நீட்டின. நீண்ட வாழ்நாளில் முன்பு காணப்படாத இடர்கள் தலைகாட்டின. கண் மங்கியது, சிறுநீரகம் பழுதுற்றது, நெஞ்சு நின்றது. சர்க்கரையை இன்னும் இறுக்கிப் பிடித்தால் இவை யாவும் நீங்குமோ என்று அறிய, பிரிட்டனில் 1977-ஆம் ஆண்டு ஒரு பேராய்வு தொடங்கியது. புதிதாக நோய் கண்ட 5,102 பேரை இருபது ஆண்டளவு தொடர்ந்து நோக்கி, 1998-ஆம் ஆண்டு அதன் முடிவை வெளியிட்டனர். சர்க்கரையை நன்கு அடக்கினவர்களிடம் கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்க் கேடுகள் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மாரடைப்பும் குறைந்தது போலத் தோன்றினும், ஐயமற உறுதி கூறும் அளவிற்குக் குறையவில்லை. அப்பயன் தெளிவாகப் புலப்பட மேலும் பத்தாண்டு சென்றது. சர்க்கரையை அடக்குதல் வீண் என்பதன்று இதன் பொருள். நெஞ்சைக் காக்க அஃது ஒன்றே போதாது என்பதே.

இவ்விடத்தில் என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகின்றது. அவர் என்னோடு ஒரே பள்ளியில் பல்லாண்டு கணக்குக் கற்பித்தவர். நீரிழிவு கண்ட நாள்முதல் ஒரு குறிப்பேட்டில் தம் குருதிச் சர்க்கரையை நாடோறும் குறித்து வந்தார். மூன்று திங்கட்கு ஒரு முறை எச்.பி.ஏ.1சி. என்னும் ஆய்வும் செய்து கொள்ளுவார். குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அதில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால், முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து அந்த ஆய்வை ஏமாற்ற இயலாது. நண்பருக்கு அது நூற்றுக்கு 6.8 என வரும். பலர்க்கு 7-க்குக் கீழே இருத்தல் நன்று என்பது மருத்துவர் வழக்காதலின், அவர் அதனைப் பட்டயம் போல எல்லோர்க்கும் காட்டி மகிழ்வார். மருத்துவர் கொழுப்புக்கென எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் இரண்டு திங்களில் நிறுத்திவிட்டார். “ஆய்வுத் தாளில் எல்.டி.எல். 128 என்றுதானே இருக்கின்றது? நோயில்லாதவருக்கும் அவ்வளவு உண்டு. எனக்கு ஏன் ஐயா இன்னொரு மாத்திரை?” என்று என்னைக் கேட்டார். தமிழ்ப் பண்டிதனாகிய யான் என் சொல்ல வல்லேன்! ‘அதுவும் சரிதான்’ என்றேன். இன்றும் அச்சொல் என்னை உறுத்துகின்றது. ஓராண்டு கழித்து ஒரு வைகறையில், காரணமின்றி வியர்த்து, நிற்க இயலாது அமர்ந்தார். வலி இல்லை. அவர் மகன் அறிவுடையவன். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றான். நெஞ்சின் குழாய் ஒன்று ஏறக்குறைய முற்றும் அடைபட்டிருந்தது. ‘ஸ்டென்ட்’ என்னும் சிறு கம்பி வலையை உள்ளே வைத்து உயிரைக் காத்தனர்.

நண்பரின் கணக்கில் நேர்ந்த பிழை யாது? நீரிழிவு உற்றோரின் எல்.டி.எல். அளவு, பிறருடையதைக் காட்டிலும் மிகுந்திராமல் இருத்தல் இயல்பு. ஆனால், முன்னர்க் கூறியவாறு அவர்தம் பொதிகள் சிறியன; எனவே, அதே எடைக் கொழுப்பில் பொதிகளின் எண்ணிக்கை மிகுதி. ஒரே எடையுள்ள இரு மூட்டைகளுள் ஒன்றில் பூசணிக்காயும் மற்றொன்றில் நெல்லிக்காயும் இருந்தால் எண்ணிக்கை ஒக்குமா? மேலும், சர்க்கரையை அடக்கினால் டிரைகிளிசரைடு பெரிதும் இறங்கும், எல்.டி.எல். அவ்வளவாக இறங்காது. அதற்குத் தனி மருந்து வேண்டியுள்ளது.

அம்மருந்து அரிசியிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? சப்பான் நாட்டில் அகிரா எண்டோ என்னும் அறிஞர், கொலஸ்டிரால் ஆக்கத்தைத் தடுக்கும் பொருள் பூசணங்களில் இருத்தல் கூடும் என்று கருதி, ஏறத்தாழ ஆறாயிரம் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியிற் கிடைத்த நீலப் பச்சைப் பூசணத்தில் அவர் தேடிய பொருள் இருந்தது. 1973-ஆம் ஆண்டு அதனைப் பிரித்தெடுத்தார். ஸ்டாட்டின் என்னும் மருந்தினத்திற்கு அதுவே முன்னோடி. வேறொரு பூசணத்திலிருந்து பெற்ற லோவாஸ்டாட்டின் 1987-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. எண்டோ 2024-ஆம் ஆண்டு, தொண்ணூறு வயதில், மறைந்தார்.

ஸ்டாட்டின் வேலை செய்யும் முறை அழகியது. கல்லீரல் கொலஸ்டிராலை ஆக்குவதற்குத் துணை நிற்கும் நொதி ஒன்றை அது தடுக்கின்றது. வீட்டுக் கிணறு வற்றினால், தெருவிற் போகும் தண்ணீர் வண்டியை நிறுத்திக் குடங்களை நிரப்பிக் கொள்ளுகிறோம் அல்லவா? அதுபோல, தன் ஆக்கம் குறைந்த கல்லீரல், குருதியிற் செல்லும் எல்.டி.எல். பொதிகளைப் பற்றி உள்ளிழுக்கும் கைகளை மிகுதியாக வெளியே நீட்டுகின்றது. அதனால் குருதியில் அப்பொதிகள் குறைகின்றன. அக்கைகளைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டைன் என்னும் அமெரிக்கர் இருவர் 1985-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர்.

எல்.டி.எல். மிகுந்திராத நீரிழிவினர்க்கும் இம்மருந்து பயன் தருமா என்பதனை, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,838 பேரிடம் ஆராய்ந்தனர். அவர்களுள் எவர்க்கும் முன்பு நெஞ்சுநோய் வந்ததில்லை. வயது 40 முதல் 75 வரை. பாதிப்பேர்க்கு ஸ்டாட்டினும், பாதிப்பேர்க்கு அதனைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையும் தரப்பட்டன. மருந்துண்டவரிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருங்கேடுகள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்தமையால், மற்றவர்க்கு அதனை மறுத்தல் அறமன்று என்று குறித்த நாளுக்கு ஏறத்தாழ இரண்டாண்டு முன்னதாகவே ஆய்வை நிறுத்தினர். இது 2004-ஆம் ஆண்டு வெளிவந்தது. நண்பரின் 128-க்கு விடை அதில் இருந்தது. எங்கள் இருவர்க்குந்தான் அது தெரியவில்லை.

மீண்டும் டென்மார்க்குக்குச் செல்லுவோம். ஸ்டீனோ நிலையத்து மருத்துவர்கள் கேதே, பெதர்சன் முதலியோர் 160 நோயாளிகளை இரு கூறாக்கினர். யாவரும் ஏறத்தாழ 55 வயதினர், சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியவர்கள், அதாவது, இடர்மிக்கவர்கள். எண்பதின்மர் அக்கால வழக்கப்படி மருத்துவம் பெற்றனர். ஏனைய எண்பதின்மர்க்குச் சர்க்கரை, கொலஸ்டிரால், குருதியழுத்தம் என்னும் மூன்றையும் ஒருங்கே அடக்கும் மருத்துவம் 1993-ஆம் ஆண்டுமுதல் தரப்பட்டது. உணவு திருத்தப்பட்டது; உடற்பயிற்சி கூறப்பட்டது; புகைபிடிப்போர் அதனை விடத் துணை செய்யப்பட்டனர்.

எட்டாண்டளவில் கணக்கெடுத்தபோது, வழக்கமான மருத்துவம் பெற்றவருள் 35 பேர்க்கு நெஞ்சு, குருதிக் குழாய்க் கேடுகள் நேர்ந்திருந்தன. மற்றக் கூற்றில் 19 பேர்க்கே நேர்ந்திருந்தன. அதன்பின் இரு கூற்றார்க்கும் நல்ல மருத்துவமே தரப்பட்டது. ஆயினும், அந்த எட்டாண்டின் வேறுபாடு அழியவில்லை. பதின்மூன்று ஆண்டு கழிந்தபோது, முதற்கூற்றில் 40 பேர் இறந்திருந்தனர். இரண்டாங்கூற்றில் 24 பேர். இருபத்தோராண்டு கழித்து, 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, மூன்றையும் அடக்கியவர்கள் மற்றவரினும் ஏறத்தாழ எட்டாண்டு மிகுதியாக வாழ்ந்தனர். எட்டாண்டு என்பது ஒரு பேரன் முதல் வகுப்பிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் காலம்.

இவ்வாய்வில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. சர்க்கரைக்கு வகுத்த எல்லையை எட்டியவர் மிகச் சிலரே. அதனை எட்டுதல் அத்துணை அரிதாயிருந்தது. கொலஸ்டிராலுக்கு வகுத்த எல்லையைப் பெரும்பாலோர் எட்டினர். எளிதில் எட்டக் கூடியதும் நெஞ்சுக்குப் பெரிதும் பயன் தருவதும் ஒன்றாயிருக்க, அதனையே நம்மவர் கைவிடுகின்றனர்.

நம் நாட்டில் இது சிறு செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்து 2023-ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வு, நீரிழிவினர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர் என்று மதிப்பிட்டது. குருதிக் கொழுப்பு ஏதேனும் ஒரு வகையிற் சீர்கெட்டவர், வயது வந்தோருள் நூற்றுக்கு எண்பதின்மர் என்றும் அது கண்டது. தீட்டிய வெள்ளரிசியை மிகுதியாக உண்டு, அசையாது அமர்ந்திருக்கும் வாழ்க்கையில் டிரைகிளிசரைடு ஏறுவதும் எச்.டி.எல். குறைவதும் நம்மவர்பால் மிகுதி. சோற்றைக் குறைத்துக் கீரையும் பருப்பும் காயும் கூட்டுதலும், நாடோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தலும் அதற்கு நன்மருந்து. வனஸ்பதியும், பலமுறை காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டங்களும் விலக்கத்தக்கன. நெய்யும் தேங்காயும் அளவோடு அமைக. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயுமாயினும் கரண்டிக்கணக்கிலே இருத்தல் வேண்டும்.

மாத்திரையைப் பற்றி அச்சம் சிலர்க்கு உண்டு. ஸ்டாட்டின் சர்க்கரையைச் சிறிது உயர்த்தும் என்பது மெய்யே. ஆயினும், அது காக்கும் நெஞ்சை நோக்க அவ்வுயர்வு மிகச் சிறிது. சிலர்க்குத் தசை வலி தோன்றும்; தோன்றின் மருத்துவரிடம் கூறி அளவையோ மருந்தையோ மாற்றிக் கொள்ளலாம். தாமாகவே நிறுத்துதல்தான் தீங்கு. எல்.டி.எல். எவ்வளவிற்கு இறங்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். நூறு மில்லிலிட்டர் குருதியில் 100 மில்லிகிராமுக்குக் கீழ் என்பார் சிலர்க்கு. இடர் மிக்கார்க்கு 70-க்குக் கீழ். முன்னரே மாரடைப்பு உற்றார்க்கு 55-க்குக் கீழ். அதனை அறுதியிடுதல் மருத்துவர் பணி. ஆண்டிற்கு ஒரு முறையேனும் கொழுப்பு ஆய்வு செய்து கொள்ளுதல் நோயாளியின் பணி.

அண்மையில் நண்பர் இல்லத்திற்குச் சென்றேன். பழைய குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். முன்பு ஒரு பத்தியே இருந்த பக்கத்தில் இப்பொழுது கோடு கிழித்து நான்கு பத்திகள் ஆக்கியிருந்தார். முதலாவதில் சர்க்கரை, இரண்டாவதில் குருதியழுத்தம், மூன்றாவதில் எல்.டி.எல்.; அதில் இறுதியாக எழுதியிருந்தது 52. நான்காவதில் நாடோறும் நடந்த நேரம். மழை பெய்த நாட்களில் மட்டும் அந்தப் பத்தி வெறுமையாயிருந்தது.